இலை பச்சை என்பதால் எல்லாம் பசுமையாகிவிடுமா?

பாடசாலைக் கண்காட்சி என்றால் இப்போது அதில் ஒரு மேசையாவது 'சூழல்நேய' மேசையாக இருக்கும். உருளைக்கிழங்கு மாவில் செய்த பொலித்தீன், பாலையும் வினாகிரியையும் சேர்த்துச் செய்த பொத்தான், சிரட்டைக் கரியில் செய்த நீர்வடி, தேயிலைச் சாயத்தில் செய்த நனோ துணிக்கை எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் பச்சை எழுத்தில் 'சூழலுக்கு உகந்தது' என்று ஓர் அட்டை. பார்க்க வருகின்ற பெற்றோர் "மாஷா அல்லாஹ், பிள்ளைகள் நல்லாச் செய்திருக்கிறார்கள்" என்று பாராட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போவார்கள்.

அந்தப் பாராட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. குசினியில் இருக்கும் பொருள்களிலிருந்து நாளைய உலகத்துக்கான பொருள்களைச் செய்யும் துறை இன்றைய விஞ்ஞானத்தின் அழகான துறைகளில் ஒன்று. மலையகத்தில் படிக்கும் எங்களுக்கு அது இன்னும் நெருக்கமானது. ஆனால் அந்த அட்டையில் இருக்கும் சொல்லை யார் அளந்து பார்த்தார்கள்? இலையிலிருந்து வந்தது, பாலிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் சூழலுக்கு உகந்ததாகிவிடாது. நான்கு கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் அந்த அட்டையை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த நான்கையும் எங்களுக்குப் பழக்கமான தேயிலையை வைத்தே சொல்கிறேன்.

தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஓர் ஆய்வுகூடம்

பறித்த கொழுந்தின் உலர்நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை பொலிபீனோல்கள் என்ற சேர்வைகள் உள்ளன. தேத்தண்ணியின் துவர்ப்பு அவற்றால் வருவது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, அரைத்து, காற்றுப்பட விடும்போது அவை ஒட்சியேற்றமடைந்துதான் கறுப்புத் தேயிலைக்கு அந்தச் செந்நிறம் கிடைக்கிறது. இந்தச் சேர்வைகள் இலத்திரன்களை எளிதில் கொடுத்துவிடும். உயர்தர இரசாயனவியலில் நாங்கள் படிக்கும் மொழியில் சொன்னால் அவை நல்ல தாழ்த்திகள்.

உலோக உப்புக் கரைசலில் தேயிலைச் சாற்றை ஊற்றினால் உலோக அயன்கள் தாழ்த்தப்பட்டு மிகச் சிறிய துணிக்கைகளாகின்றன. நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். தேயிலைச் சாறு செய்கின்ற துணிக்கைகள் பெரும்பாலும் 100 நனோமீற்றருக்கும் குறைந்தவை. துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் அவற்றைப் போர்த்திவைப்பதும் அதே பொலிபீனோல்கள்தாம். வழமையான முறைகளில் இந்த இரண்டு வேலைகளுக்கும் நச்சுத்தன்மையுள்ள இரசாயனங்கள் தேவைப்படுவதுண்டு. தேயிலை அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது.

2009 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் கட்டேஷ் கட்டி என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியின் குழு தேயிலையைக் கொண்டு தங்க நனோ துணிக்கைகளைச் செய்து வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் விஞ்ஞானிகள் பங்குபற்றிய குழுவொன்று தேயிலைப் பொலிபீனோலால் இரும்பு நனோ துணிக்கைகளைச் செய்து, நீரில் கலந்த சாயத்தை அவற்றால் சிதைத்துக் காட்டியது.

எனக்கு மிகவும் பிடித்தது 2013 இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பிராங்க் கருசோவின் குழு செய்தது. தாவரத்தில் கிடைக்கும் தனிக்கமிலத்தையும் இரும்பு அயனையும் நீரில் கலந்தார்கள். சில கணங்களில் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, உள்ளே இருந்த பொருளின்மேல் சில நனோமீற்றர் தடிப்பான மென்படலமாகப் படிந்தன. மருந்தைப் பொதிந்து வைக்கவும் மேற்பரப்புகளைப் போர்த்தவும் இத்தகைய படலங்கள் இப்போது உலகெங்கும் ஆராயப்படுகின்றன. இதன் உறவுக்காரனை நாங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டியைக் கடுஞ்சாயத் தேத்தண்ணிக்குள் விடுங்கள். உடனே மை போலக் கறுத்துவிடும். குடிக்கக் கூடாது, எழுதலாம். பழைய காலத்து மைகளும் துணிச்சாயங்களும் இந்த இரசாயனத்தால் ஆனவை.

இவ்வளவும் பெருமைப்பட வேண்டியவை. இனி கேள்விகளுக்கு வருகிறேன்.

முதற்கேள்வி: கூடச் சேர்ந்தது என்ன?

2018 இல் பிரித்தானியாவின் சுவான்சி பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டின் கே.எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரியும் பாரதியார் பல்கலைக்கழகமும் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. தேயிலைச் சாற்றால் செய்த 'குவாண்டம் புள்ளிகள்' என்ற மிக நுண்ணிய துணிக்கைகள், ஆய்வுகூடத்தில் வளர்த்த நுரையீரல் புற்றுநோய்க் கலங்களில் 80 சதவீதம் வரை அழித்தன என்று செய்தி வந்தது. 'தேயிலை புற்றுநோயைக் குணமாக்கும்' என்று அது கைபேசிகளில் சுற்றியது. அந்தப் புள்ளிகள் தேயிலையால் ஆனவை அல்ல. அவை கட்மியம் சல்பைட்டு. தேயிலை அங்கே உருவாக்க உதவிய துணைப்பொருள்.

கட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும் நச்சு உலோகம். ஜப்பானின் ஜின்சூ ஆற்றில் சுரங்கக் கழிவோடு கலந்த கட்மியம் வயலுக்கும் சோற்றுக்கும் போய், எலும்புகள் நொறுங்கி மக்கள் வலியால் துடித்தார்கள். 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பதே அந்த நோய்க்குப் பெயராயிற்று. அந்த ஆய்வாளர்கள் பிழை செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வழமையான முறையைவிட அவர்களது முறை மலிவானது, நச்சும் குறைவானது. ஆனால் 'குறைந்த நச்சு' என்பதும் 'நச்சில்லை' என்பதும் ஒன்றல்ல. தேயிலை என்ற சொல் முன்னால் நின்று கட்மியம் என்ற சொல்லை மறைத்துவிடக் கூடாது.

எங்கள் மட்டத்திலும் இதே கேள்வி இருக்கிறது. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தேயிலைச் சாற்றைச் சேர்த்து நிறமாற்றத்தைக் காட்டுவது பாடசாலையில் செய்யக்கூடிய பரிசோதனை. முடிந்ததும் முகவையில் மிஞ்சியதை எங்கே ஊற்றுகிறோம்? வெள்ளி அயன் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. களனி கங்கை பிறப்பது கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்வதால். இரண்டும் எங்கள் மலைகளில் ஓடுபவை. கொழும்பு மக்கள் குடிக்கும் நீரின் தலைமாட்டில் இருக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டுதான் பீங்கானில் எதையும் ஊற்ற வேண்டும்.

இரண்டாம் கேள்வி: யாருடைய தட்டிலிருந்து எடுத்தது?

பாலைச் சூடாக்கி வினாகிரி விட்டால் திரளும் புரதத்தை அழுத்திக் காயவைத்தால் கடினமான பொருளாகிவிடும். 1890களின் இறுதியில் ஜெர்மனியில் இதையே போமலினில் ஊறவைத்து உறுதியாக்கி, 'கலலித்' என்ற பெயரில் உற்பத்தி செய்தார்கள். அதன் பொருள் 'பாற்கல்'. பொத்தான், சீப்பு, பேனை எல்லாம் அதில் வந்தன. பெற்றோலியப் பிளாஸ்டிக் மலிவாக வந்ததும் அது ஒதுங்கிவிட்டது. இப்போது 'சூழல்நேயப் பிளாஸ்டிக்' என்று மீண்டும் கண்காட்சி மேசைகளில் ஏறியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் அம்பேவலையில் பாற்பண்ணை இருக்கிறது. ஆனால் 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் மட்டும் பார்த்தால் அது ஏறத்தாழ 32 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு பிள்ளை. பால்மா வாங்க முடியாமல் தேத்தண்ணியில் ரொட்டியைத் தோய்த்துக் கொடுக்கும் வீடுகள் இருக்கிற இடத்தில் பாலைப் பொத்தானாக்குவது எந்த வகையில் உகந்தது? புளித்துப்போன பாலில் செய்தால் ஒத்துக்கொள்கிறேன். நல்ல பாலில் செய்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிழங்குக்கும் இதே சட்டம். மாப்பொருள் பிளாஸ்டிக் செய்ய நுவரெலியாக் கிழங்கை வாங்கி அரைக்க வேண்டியதில்லை. சீவி எறியும் தோலும் அழுகிய கிழங்கும் போதும்.

தேயிலையிலும் புதுத்தூள் தேவையில்லை. ஊற்றி எடுத்த சக்கையில் இன்னும் பொலிபீனோல் மிஞ்சியிருக்கும். தொழிற்சாலைகளில் தும்பும் காம்புமாக ஒதுக்கப்படும் கழிவுத் தேயிலை இருக்கிறது. அதைக் குடிக்கும் தேயிலையோடு கலந்து விற்பது சட்டவிரோதம், ஆனாலும் நடக்கிறது. அந்தக் கழிவுக்கு நேர்மையான வேறொரு விலை கிடைத்தால் கலப்படத்தின் தேவையும் குறையும்.

தட்டு என்று சொன்னதால் தாய்மாருக்கு ஒரு செய்தி. தேயிலைப் பொலிபீனோல் இரும்பைப் பற்றிப் படலமாகிறது என்று மேலே சொன்னேன். அதே பிடிப்பு எங்கள் வயிற்றிலும் நடக்கிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு முழுமையாக உறிஞ்ச முடியாமல் போகிறது. இரத்தச்சோகை உள்ள பெண்கள் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடிப்பதும், சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொள்வதும் நல்லது. நனோ விஞ்ஞானம் எங்கள் வீட்டுக்குத் தருகின்ற முதற்பயன் இதுவாகக்கூட இருக்கலாம்.

மூன்றாம் கேள்வி: எங்கள் மண்ணில் மக்குமா?

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சோற்றுத்தாள் உட்படச் சில பொலித்தீன் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. அதன்பின் கடைகளுக்கு 'மக்கும் பைகள்' வந்தன. சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாப்பொருளிலிருந்து செய்யப்படும் பொலிலக்டிக்கமிலம் என்ற பல்பகுதியம் அவற்றில் முக்கியமானது. வீட்டுப் பொருளில் பிறந்த உயர்தொழினுட்பப் பொருளுக்கு அது நல்ல உதாரணம்.

ஆனால் அது விரைவாக மக்குவதற்கு ஏறத்தாழ 58 பாகை செல்சியசு வெப்பமுள்ள கூட்டெருத் தொழிற்சாலை வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. காலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே வர முடியாத ஊரின் மண்ணில் அந்தப் பை எத்தனை வருடம் கிடக்கும்? உலகத்துக்கு மக்கும் பை எங்கள் கொழுந்துமலைக்கு மக்காத பையாக இருக்கக்கூடும். ஒரு பொருள் சூழலுக்கு உகந்ததா என்று கேட்டால் 'எந்தச் சூழலுக்கு' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அளக்காமல் பச்சைப்பெயர் சூட்டினால் என்ன ஆகும் என்பதை எங்கள் நாடு பெரிய அளவில் பார்த்துவிட்டது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் சேதன விவசாயம் என்றார்கள். நவம்பரில் தடை நீங்கிவிட்டது, ஆனால் பாதிப்பு நீங்கவில்லை. 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் பறிக்கிற கைக்கு வருமானமும் குறையும். நோக்கம் நல்லதுதான். கணக்குப் பார்க்கவில்லை.

கணக்குப் பார்த்துச் செய்த உதாரணமும் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் நில்வலா கொத்தேகொட என்ற பெண் விஞ்ஞானியும் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனத்தினரும் 2017 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எங்கள் பல்லிலும் எலும்பிலும் இருக்கும் ஐதரொட்சியப்பற்றைற்று என்ற கனியத்தை நனோ துணிக்கையாக்கி அதனோடு யூரியாவைப் பிணைத்தார்கள். மழையில் யூரியா ஓடிப்போகாமல் மெதுவாக வெளிவந்தது. நெல் வயலில் பரிசோதித்தபோது பாதியளவு யூரியாவே போதுமாக இருந்தது. உரமே வேண்டாம் என்று சொல்லாமல், எவ்வளவு வீணாகிறது என்று அளந்து அந்த வீணைக் குறைத்தார்கள். 'பசுமை' என்ற சொல்லுக்கு இதுதான் தகுதி என்று நினைக்கிறேன்.

நான்காம் கேள்வி: பலன் யாருக்கு?

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். அட்டைக்கடியோடும் குளவிப் பயத்தோடும் அதைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு நாளுக்கு ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று அவர்கள் வருடக்கணக்காகப் போராடி, 2021 இல்தான் அது கிடைத்தது. நாளை தேயிலைச் சாறு மருந்துப் படலமாகவோ நீர் சுத்திகரிக்கும் துணிக்கையாகவோ விற்கப்பட்டால், அதன் விலை தேயிலைத்தூளின் விலையை விடப் பன்மடங்காகும். அந்த மேலதிக விலையில் எவ்வளவு லயத்துக்குத் திரும்பும்?

நிறுவையில் நீதி வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கொழுந்து நிறுக்கும் தராசுக்கு மட்டும் அது பொருந்தும் என்று விட்டுவிட முடியாது. மண்ணுக்கு நல்லது, ஆற்றுக்கு நல்லது, பறித்தவளுக்கு மட்டும் எதுவும் இல்லை என்றால் அந்தப் பொருள் பாதிப் பசுமையானதுதான்.

நான் மேலே சொன்ன தேயிலை ஆய்வுகள் மிசூரியில், மெல்போர்னில், சுவான்சியில் நடந்தவை. எங்கள் தலவாக்கலையில் 1925 இல் ஆரம்பித்த தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து எத்தனை பெண்பிள்ளைகள் அங்கே வெள்ளை மேலங்கி அணிந்து வேலை செய்கிறார்கள்? பலன் திரும்பி வருவதற்கு மிக உறுதியான வழி, மலையகத்துப் பெண்களே அந்த ஆய்வுமேசையில் இருப்பது. மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத தமிழ்மொழிப் பாடசாலைகள் பல. இருக்கும் இடங்களிலும் "விஞ்ஞானம் கஷ்டம், வகுப்புக் கட்டணம் அதிகம், பெண்பிள்ளைக்குக் கலைப்பிரிவு போதும்" என்ற பேச்சு வீடுகளில் கேட்கிறது. கலைப்பிரிவு குறைவானது அல்ல. ஆனால் விருப்பத்தால் தெரிவு செய்வது வேறு, பயத்தால் தெரிவு செய்வது வேறு.

நாங்கள் செய்யக்கூடியவை

பெரிய ஆய்வுகூடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இவற்றை இந்த வருடமே தொடங்கலாம்.

முதலாவது, கண்காட்சியில் 'சூழலுக்கு உகந்தது' என்ற அட்டைக்குப் பதிலாக ஒரு கணக்குத் தாள் வைப்போம். என்ன சேர்த்தோம், எவ்வளவு விறகு அல்லது எரிவாயு செலவானது, மிஞ்சியதை என்ன செய்தோம், உணவிலிருந்து எடுத்ததா கழிவிலிருந்து எடுத்ததா என்று நான்கே வரிகள். நடுவர்கள் புள்ளி போடும்போது அந்தத் தாளுக்கும் புள்ளி போட வேண்டும்.

இரண்டாவது, வெள்ளி, செப்பு போன்ற உலோகக் கரைசல்களின் மிச்சத்தைச் சேர்த்துவைக்க ஆய்வுகூடத்தில் பெயரொட்டிய ஒரு போத்தல் இருக்கட்டும்.

மூன்றாவது, பாடசாலைத் தோட்டத்தில் புதைகுழிப் பரிசோதனை செய்வோம். கிழங்குத்தோல் பிளாஸ்டிக், பால் பிளாஸ்டிக், கடையில் வாங்கிய மக்கும் பை, சாதாரணப் பொலித்தீன், வாழையிலை. ஐந்திலும் ஒரே அளவான துண்டுகளை நிறுத்து, வலைத்துணியில் கட்டி, ஒரே ஆழத்தில் புதைத்து, மாதம் ஒருமுறை எடுத்து உலர்த்தி நிறுக்க வேண்டும். மண்ணின் வெப்பநிலையையும் குறித்துவைக்க வேண்டும். இதற்குத் தேவை ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி, பொறுமை. மெல்போர்னிலிருந்து யாரும் வந்து எங்கள் குளிர்மண்ணில் இதை அளந்து தரப்போவதில்லை.

நான்காவது, ஆய்வுகூடம் உள்ள பாடசாலைகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது அருகிலுள்ள தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கட்டும். ஆணியும் வினாகிரியும் தேத்தண்ணியும் கறுப்பதை ஒரு பிள்ளை தன் கையால் செய்து பார்த்தால், இரசாயனவியல் யாரோ படிக்கும் பாடம் என்ற எண்ணம் அவளிடமிருந்து போய்விடும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு வரும்போது பாராட்டோடு நிறுத்திவிடாதீர்கள். "இதில் மிஞ்சியதை எங்கே ஊற்றினீர்கள் மகள்?" என்றும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் நாங்கள் தேடிக் கண்டுபிடிப்போம். புதைகுழிப் பரிசோதனையில் சேர விரும்பும் தோழியர் விஞ்ஞான மன்றத்தில் பெயர் கொடுங்கள். முதல் நிறுவையை இந்தத் தவணையில் எடுத்தால், அடுத்த இதழ் வரும்போது எங்கள் கையில் எண்கள் இருக்கும். கிழங்குத்தோல் பிளாஸ்டிக் எங்கள் மண்ணில் மக்கவில்லை என்று தெரியவந்தால் அதையும் மறைக்காமல் எழுதுவோம்.